பாறைக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் அம்மிக் குழவியை ஒளித்து வைப்போம். மற்ற வீடுகளில் அந்த நேரத்துக்கு விளக்கேற்றுவார்கள். நாங்களும் மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுவோம்தான், ஆனால் குழவி போன பிறகுதான் விளக்கு. அம்மா அதைத் தூக்கிப் புறக்கடையில் விறகுக் கட்டுக்குப் பின்னால் தள்ளுவாள். கொடுவாளைக் கூரைக்குள் செருகுவது மூத்தவளான என் வேலை. தங்கை சின்னக் குழந்தை. அவளுக்கும் ஒரு வேலை உண்டு, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

திருடனுக்குப் பயந்து ஒளித்து வைக்கவில்லை. எங்களைப் பெற்ற நைனாவுக்குப் பயந்து. முந்தின வருஷம் ஈஸ்டர் அன்றைக்கு அந்தக் குழவியால்தான் அம்மாவின் இடது கையை அடித்து ஒடித்தார். எண்ணெய்க் கட்டுப் போட்டு எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அம்மா தண்ணீர்க் குடத்தை வலது இடுப்பில்தான் வைப்பாள். தெருவில் தூரத்தில் வரும்போதே அது அம்மாதான் என்று தெரிந்துவிடும்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. மதுவிலக்கு இருந்த காலம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். செஞ்சி மலைப் பாறைகளுக்கு அது தெரியாது. யானை படுத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பாறைகளின் இடுக்கில் சாராயம் காய்ச்சினார்கள். சாயங்காலம் அங்கேயிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும். அதைப் பார்த்ததும் என் கண் குழவியைத் தேடும். இப்போதுகூட யாராவது குப்பை கொளுத்தினால் முதலில் கண்தான் தேடுகிறது, புத்தி பிறகுதான் வருகிறது.

குடிக்காத நேரத்தில் நைனா நல்லவர் என்று சொல்லிப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. குடிக்காத நேரத்தில் அவர் ஒன்றுமே இல்லாமல் இருந்தார். யார் நிலத்திலாவது கூலிக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சொந்தம் என்று எங்களுக்கு இருந்தது மலையடியில் ஒரு துண்டு மேட்டுக் கொல்லை. மழை பெய்தால் மல்லாட்டைக் கடலை போடலாம். மழை பெய்யாவிட்டால் ஆவாரம் செடி தானாக முளைக்கும். மழையைவிட ஆவாரம் செடிக்கே எங்கள்மேல் பாசம் அதிகம்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியது. சாமியார் நெற்றியில் சாம்பல் பூசிய அன்றைக்கு நைனா கோவிலில் முழங்காலில் நின்று, பாஸ்கு என்கிற ஈஸ்டர் பூசை முடிகிற வரைக்கும் குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் வருஷா வருஷம் அப்படித்தான் நேர்ந்துகொள்வார்கள். ஈஸ்டர் பூசை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து வட்டியோடு குடிப்பார்கள். பழைய குருடி கதவைத் திறடி. அம்மாவின் கை ஒடிந்தது அப்படிப்பட்ட ஒரு ஈஸ்டரில்தான்.

ஆனால் அந்த வருஷம் ஒரு புது வேலை நடந்தது. சும்மா இருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமலோ என்னவோ, நைனா கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கிணறு வெட்ட ஆரம்பித்தார். தனியாக. அவரே வெட்டி, அவரே கூடையில் அள்ளி, அவரே மேலே சுமந்துவந்து கொட்டினார். மேல்மண் போனதும் பாறை வந்தது. சம்மட்டியும் உளியுமாக அதையும் கொத்தினார்.

தெரு சிரித்தது. "கெணறு வெட்ட பூதம் கெளம்பப் போவுது, பாத்துக்கோங்க" என்றார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் காணாத கிணற்றில் பொம்பளை இறங்கினால் ஊற்று ஓடி ஒளிந்துகொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அம்மா அதையே காரணமாகச் சொல்லிவிட்டாள். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்று அவள் தன் கையைப் பார்த்தே படித்திருந்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கிணறு இரண்டு ஆள் ஆழம் போயிருந்தது, உள்ளே சுட்ட ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. ஊரெல்லாம் ஆண்டவருடைய பாடுகளை நினைத்து அழுதது. நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அழுதேன். சாராயம் காய்ச்சுகிறவன் ஒருவன், நைனாவின் கூட்டாளி, கோவில் வாசலிலேயே வந்து நின்றான். "மச்சான், ஞாயித்துக்கெழமை ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றான். நைனா தலையாட்டினார். அதை அம்மாவும் பார்த்தாள்.

சனிக்கிழமை ராத்திரிப் பாஸ்குப் பூசையில் சாமியார் தண்ணீரை மந்திரிப்பார். அதை ஆளுக்கொரு பாட்டிலில் வாங்கிவந்து வீடு, வாசல், ஆடு மாடு, கொல்லை எல்லாவற்றிலும் தெளிப்போம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பாட்டில், தங்கையின் வயிற்று வலிக்கு வாங்கிய ஓமத் தண்ணீர் பாட்டில். அம்மா அதைச் சாம்பல் போட்டு எத்தனை முறை கழுவினாலும் ஓமம் போகவில்லை. "ஆண்டவருக்கு வயித்து வலி இருந்தா அதுவும் தீரட்டுமே" என்று நான் சொன்னேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. எனக்கு வாய் நீளம். அது நான் கேட்டு வாங்கியதல்ல, அம்மாவிடமிருந்து வந்தது.

பூசை முடிந்து விடிகிற நேரம். நைனா கோவில் வாசலில் ஆண்களோடு நின்றிருந்தார். அம்மா எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கேயோ போனாள். திரும்பி வந்தபோது பாட்டில் காலி, கால் முழுக்கப் பாறைத்தூள். நேராகப் போய்க் குழவியை எடுத்தாள். அன்றைக்கு மட்டும் காலையிலேயே குழவி ஒளிந்துகொண்டது.

வெயில் ஏறியது. நாங்கள் மூன்று பேரும் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஓடிவரும் சத்தம் கேட்டது. குடித்த கால் ஓடாது, இழுக்கும். இது ஓடியது. நைனா வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பாறைத்தூள், அதற்கு நடுவில் பல் தெரிந்தது. அவர் பல்லை நான் அதற்கு முன்னால் பார்த்த ஞாபகம் இல்லை.

"ஈரம்" என்றார். "மூலையில, பாறை வெடிப்புல. ஈரமா இருக்குது."

அம்மா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நைனா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார் என்று அப்போது நினைத்தேன். மலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனாராம், பார்த்தாராம். பழைய சோற்றைக் குடித்துவிட்டு, ஈஸ்டரும் அதுவுமாகக் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார். கூட்டாளி எடுத்து வைத்தது அப்படியே இருந்தது.

ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. சித்திரை வெயிலில் தெருக்கிணறு வற்றி, ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் வரிசையில் நின்றோம். அப்படிப் பிடித்து வைத்த குடத்தில் ஒன்று தினமும் விடியற்காலையில் காணாமல் போகும், பிறகு காலியாகத் திரும்பி வரும். ஒரு நாள் அம்மாவின் பின்னாலேயே போனேன். கொல்லையில், கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஆவாரம் செடிக்கு மறைவில் அதே பாறை வெடிப்பு மேலே வாய் திறந்திருந்தது. அம்மா குனிந்து அதற்குள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. மெதுவாகத் தண்ணீர் முழுதும் போகிற வரைக்கும் ஊற்றினாள்.

"அன்னிக்கு நான் மந்திரிச்ச தண்ணிதாண்டி தெளிச்சேன். அந்த ஆளு மலைக்குப் போவக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உள்ள எறங்கித் தெளிச்சேன். மிச்சத்த வெடிப்புல ஊத்திட்டு வந்தேன். அத ஊத்துன்னு நெனச்சிட்டாரு. நான் இன்னா பண்ண?"

"சொல்லிட வேண்டியதுதானே."

"சொல்லு. நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு நீயே சாயங்காலம் அவர சமாளி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் பாறைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். தங்கை தாகத்துக்கு அழுகிறாள், பாறை குடிக்கிறது. இது எத்தனை நாளைக்கு? ஒரு நாள் காய்ந்து போனால்? ஒரு நாள் அவர் பார்த்துவிட்டால்? வேண்டிக்கொண்டது ஆண்டவரிடம், ஏமாற்றுவது நைனாவை. இரண்டு பேரில் யார் முதலில் கோபித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் குடத்தின் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு போனேன்.

ஏனென்றால் நைனா மாறிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. தலை சீவினார். சாப்பிடும்போது பேசினார். தண்ணீர் வந்தால் கிணற்று மேட்டில் முருங்கை வைக்கலாம், நாலு வரிசை மிளகாய் போடலாம் என்றார். என்னிடம் "இன்னா படிச்ச இன்னிக்கு?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு நாள் அம்மா வரிசையில் நிற்கும்போது வந்து குடத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். தெருவே பார்த்தது. அம்மா வெறுங்கையோடு பின்னால் நடந்தாள், கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவும் தினம் ஒரு குடம் தண்ணீரின்மேல் நின்றது. எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் அவரைப் பறிகொடுக்கப் போகிறேன் என்றும் தெரிந்திருந்தது. குழவியை மட்டும் நாங்கள் ஒரு சாயங்காலம்கூட ஒளிக்காமல் விட்டதில்லை.

வைகாசியில் ஒரு நாள் அந்தக் கூட்டாளி கொல்லைக்கே வந்தான். நான் நைனாவுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். அவன் கேட்காமலே கிணற்றுக்குள் இறங்கினான். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தான். அண்ணாந்து வெடிப்பு போகும் வழியைப் பார்த்தான். மேலே ஏறி, நேராக ஆவாரம் செடியை விலக்கினான். ஒளிவு மறைவில் வேலை செய்கிறவனுக்கு ஒளிந்திருப்பது எங்கே என்று தெரியும் போலும். அங்கே மண் குழைந்து கிடந்தது. குடம் வைத்த இடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"மச்சான், இது ஊத்து இல்ல. மேலேருந்து யாரோ ஊத்தறாங்க. ஒன்ன நல்லா ஏமாத்தறாங்கடா" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நைனா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். கூழைத் தொடவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவன் பின்னால் மலையைப் பார்த்து நடந்தார். இடுக்கிலிருந்து புகை அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவுக்குச் சொன்னேன். அவள் எழுந்தாள். குழவியை ஒளித்தாள். கொடுவாளை நான் செருகினேன். உலக்கையையும் அரிவாள்மணையையும்கூட எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். தங்கையை மடியில் போட்டுக்கொண்டு செபமாலையை எடுத்தாள். பாதியில் நிறுத்தி, "நான் பண்ணது தப்புதான். ஆனா வேற இன்னா இருந்துது என் கையில?" என்றாள். என்னிடம் கேட்டாளா, மாதாவிடம் கேட்டாளா தெரியவில்லை.

தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு நைனா வந்தார். கால் இழுக்கவில்லை. வாசனை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தெளிவாக இருக்கும் கோபத்தை நாங்கள் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்க்காமல் கஞ்சி கேட்டார், குடித்தார். பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகும்போது, "நாளைக்கு ஈரம் இருக்குதான்னு பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

விடிவதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பயக்காய்ச்சலா, வேறா, எனக்குத் தெரியாது. உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. எழுந்து குடத்தைத் தூக்கப் பார்த்தாள், கோணல் கை வழுக்கியது. வாசலில் பாய் சுருட்டி வைத்திருந்தது, நைனா இல்லை.

"போடி. நீ போய் ஊத்திட்டு வா" என்றாள்.

"அங்க அவரு உக்காந்திருந்தா?"

"காஞ்சி கெடந்தா அப்பறம் எல்லாமே காஞ்சிதான் போவும். போ."

ஊற்றாவிட்டாலும் போச்சு, ஊற்றும்போது பிடிபட்டாலும் போச்சு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் அலம்பி அலம்பிப் பாவாடையெல்லாம் நனைந்தது. வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன். நீர் மந்திரிச்ச தண்ணிதானே ஐயா இதையெல்லாம் ஆரம்பிச்சுது, நீரே வந்து முடிச்சி வையும் என்றேன்.

ஆவாரம் செடிக்குப் பக்கத்தில் நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கடப்பாரை. என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். நான் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன், இன்னிக்கு ஒங்கம்மா வரலியா?" என்றார்.

"காச்ச" என்றேன்.

"ரொம்பவா?"

தலையாட்டினேன்.

"அந்தப் பய நேத்துதான் கண்டுபிடிச்சான். எனக்கு அன்னிக்கே தெரியும். செஞ்சி மலையில எந்தப் பாறையிலயாவது ஓமம் வாசனை வருமா?"

கோபத்தில் சொல்கிறாரா என்று அவர் கையைப் பார்த்தேன். கடப்பாரையின்மேல் சும்மா கிடந்தது. என் நீள வாய் அப்போதுதான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. "தெரிஞ்சும் ஏன் நைனா குடிக்கப் போவல?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு மலைக்குப் போவத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அந்த ஓமத்த மோந்துட்டு அங்கியே உக்காந்துட்டேன். நான் ஒடைச்ச கைய வெச்சிக்கினு உள்ள எறங்கியிருக்கா. இவ என்ன இன்னும் விட்டுடலன்னு தோணுச்சி." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நேத்தும் குடிக்கத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஊத்திக் கையில குடுத்தான். இந்நேரம் நீங்க கொழவிய ஒளிச்சி வெச்சிக்கினு இருப்பீங்கன்னு நெனப்பு வந்துது. அப்பிடியே வெச்சிட்டு வந்துட்டேன். நாளைக்கி எப்பிடியோ, எனக்குத் தெரியாது."

குழவி விஷயம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்தார்.

"ஊத்து" என்றார். "நான் கீழ போய்ப் பாக்கறேன். அம்மாகிட்ட நான் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு."

உளியும் சம்மட்டியுமாக உள்ளே இறங்கினார். நான் குனிந்து ஊற்றினேன். பாதி வெளியே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து அவர் குரல் வந்தது, யாரிடமோ நல்ல சேதி சொல்வது போல.

"ஈரம் தெரியுது."

வீட்டில் அம்மா கண்ணைத் திறந்து, "பாத்தாரா?" என்று கேட்டாள். "ஒண்ணும் கேக்கல" என்றேன். அது பொய்யில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.

அன்றைக்குச் சாயங்காலமும் மலையில் புகை எழுந்தது. நைனா வேலையிலிருந்து வந்து, அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்ல ஈரம்" என்றார். அம்மா, "அப்படியா" என்றாள். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. குழவி அம்மியின்மேல் அப்படியே கிடந்தது. ஒளிக்கிறவள் படுத்துக் கிடந்தாள், அவர் முன்னால் அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. தங்கை வழக்கப்படி தெருமுனையைப் பார்க்கப் போனாள், பார்க்க வேண்டிய ஆள் உள்ளேயே இருப்பது அவளுக்குப் புரியவில்லை.

நைனா எழுந்தார். நேராக அம்மிக்குப் போய்க் குழவியைத் தூக்கினார். அம்மா பாயிலிருந்து எழுந்து என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் புறக்கடைக்குப் போனார். விறகை விலக்குகிற சத்தம் கேட்டது. அம்மா தினமும் வைக்கும் அதே இடத்தில் குழவியை வைத்து, மேலே இரண்டு கட்டையைப் போட்டு மூடினார். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"வெளக்க ஏத்து" என்றார் என்னிடம்.